மூன்றாவது பெஞ்ச்

டைபாய்டு வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த ஜெபசெல்வி, மருத்துவச் சான்றிதழோடு வரலாற்று வகுப்புக்குள் நுழைந்தாள். லீவு போடுகிறவர்களின் இடத்தில் கல்லூரியே அச்சு அசலாக அவர்களைப் போன்ற ஒரு பிரதியை உட்காரவைப்பது வழக்கம். இவளுடைய பிரதி மூன்றாவது பெஞ்சில், தோழி சுமையாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எழுந்து இடம் விடும் என்று பக்கத்தில் போய் நின்றாள். அது நகரவில்லை.

பேராசிரியை அட்டெண்டன்ஸ் எடுத்தார். "ஜெபசெல்வி?"

"உள்ளேன் மேடம்." ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுமையா, இதுல உன் ஃப்ரெண்டு யாரும்மா?"

நின்றவளின் ஒட்டிய கன்னத்தையும் கொட்டிப்போன முடியையும் சுமையா பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இவதான் மேடம்."

பேராசிரியை ஜெபசெல்வியிடம் கனிவாகச் சொன்னார்: "அவதான் குணமாகி வந்துட்டாளே. இனி உனக்கு இங்கே வேலையில்லை, நீ போகலாம்."