கயிற்றின் மேல் தீர்ப்பு

ஏதென்ஸ் ஊர்மன்றத்து முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது. கோயில் தூணுக்கு ஏற்றுகையில் கயிறு அறுந்து விழுந்து, கொத்தன் பாம்பிலோசைக் கொன்ற சலவைக்கல் மாட்டுவண்டியில் கிடக்கிறது. ஆளைக் கொன்றது கல்லானாலும் விசாரித்து எல்லைக்கு வெளியே எறிவது இந்த ஊர் வழக்கம். "நல்ல கல்லுங்க, அம்மன் கோயிலுக்கு ஆகணும். கொன்னது கயிறுதான்" என்கிறான் மேற்பார்வையாளன். பெரியவர்கள் தலையாட்டி, அறுந்த கயிற்றைச் செத்தவனின் தம்பி கார்பியோன் கையில் திணிக்கிறார்கள். விரல் பட்டதுமே அறுந்த முனையின் பிரிகள் தவிடாய் உதிர்கின்றன. "எல்லை தாண்டி வீசிட்டு வாடா. நாளைக்கே புதுக்கயிறு வந்துரும்" என்று மேற்பார்வையாளன் தோளைத் தட்டுகிறான். கார்பியோன் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான். "எங்கண்ணன் அந்தப் புதுக்கயிறத்தானய்யா உங்கிட்ட கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டான்!" கயிற்றை மேற்பார்வையாளன் கழுத்திலேயே சுற்றி இழுக்கிறான். "வா, ரெண்டையும் சேத்தே வீசிட்டு வர்றேன்."