சீலிங்குக்கு என்ன கலர்?

"வெள்ளை. ஒரே கோட்டு, வேலை முடிஞ்சுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"நீங்க எதைத்தான் யோசிச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. "அண்ணா, நீங்க இளமஞ்சள் அடிங்க."

அண்ணா என்று அழைக்கப்பட்ட பெயிண்டர், ஏணியின் நடுப்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் கலர்களைக் காட்டும் அவருடைய ஷேட் கார்டு இரண்டு பேர் கையிலும் மாட்டி ஓரமெல்லாம் கசங்கிவிட்டது.

புருஷன் பெண்டாட்டி சண்டை அவருக்குப் புதிதல்ல. இந்தத் தொழிலில் சண்டை இல்லாமல் ஒரு டப்பாவைத் திறக்க முடியாது. ஆனால் போன வருஷம் ஒரு வீட்டில், சமையலறைக்குப் பச்சையா நீலமா என்று ஆரம்பித்த பேச்சு, அந்த அம்மா பெட்டியோடு கிளம்பிப் போனதில் முடிந்தது. இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி. கார்டை நீட்டியவர் என்ற முறையில் அந்தப் பாவத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அவருக்கு உறுத்தல். இன்னொரு குடும்பம் தன் கண்ணெதிரே பிரியக்கூடாது என்று பயந்தார்.

பேச்சை மாற்றிப் பார்த்தார். "சார், முதல்ல இதைப் பாருங்க. சீலிங்ல பூசின பட்டி எல்லாம் உப்பி உரிஞ்சு கிடக்கு. மேல ஒழுகுது. அதை அடைக்காம எந்தக் கலர் அடிச்சாலும் நிக்காது."

"அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு இருக்கோம். நீங்க கலரைப் பாருங்க" என்று கணவர் அவசரமாகச் சொன்னார்.

"கலரைத்தான் பார்க்கறோம்" என்றாள் மனைவி. "நம்ம வீட்டு சோபா யார் எடுத்தது? நீங்க. திரைச்சீலை? நீங்க. நான் தலை வச்சுப் படுக்கிற தலையணை உறைகூட நீங்க எடுத்ததுதான். இந்த ஒரு சீலிங்காவது நான் சொன்னபடி இருக்கட்டுமே. அதுவும் பொறுக்கலையா?"

ஜன்னலோரம் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணவரின் அப்பாவாக இருக்கும் என்று பெயிண்டர் கணக்குப் போட்டார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ஏணி போடணும்" என்று கணவர் சொன்னதும், நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்த மனுஷர். என்ன கலர் வேண்டும் என்று அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயிண்டர் தொண்டையைச் செருமியபோது அவர்தான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேர் சும்மா நிற்கும்போது வயசானவர் நடக்கிறாரே என்று பெயிண்டருக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குத் தன் கதியும் இதுதானோ என்று ஒரு நிமிஷம் கலங்கிப்போனார்.

"அம்மா, நடுவுல வெள்ளை, ஓரத்துல மஞ்சள் பட்டை. ரெண்டு பேர் சொன்னதும் நடந்த மாதிரி இருக்கும்" என்றார்.

"வேண்டாம்" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

பிறகு மனைவியின் குரல் தாழ்ந்தது. கத்துகிறவர்கள் கத்தி ஓய்ந்துவிடுவார்கள். இப்படித் தாழ்ந்த குரலில் பேசிய பிறகுதான் அந்தச் சமையலறை அம்மாவும் கிளம்பினாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நான் கேட்ட எதுக்காவது, ஒரே ஒரு தடவை, சரின்னு சொல்லியிருக்கீங்களா? இன்னைக்கும் இல்லைன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

கணவர் ஷேட் கார்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வாசலுக்குப் போனாள். ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது.

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். "சார், ஒரு கலர்தானே சார். மஞ்சள் பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் மேல வெள்ளை அடிச்சுக்கலாம். அவங்க படி இறங்கிட்டா, அதுக்கு மேல அடிக்க என்கிட்ட ஒரு பெயிண்டும் கிடையாது."

கணவர் நிமிர்ந்தார். வாசலைப் பார்த்தார்.

"சரி" என்றார். "மஞ்சளே அடிங்க."

அவள் திரும்பினாள். "மனசாரச் சொல்றீங்களா?"

"மனசாரத்தான். உன் இஷ்டம்."

செருப்பு கழன்றது. அவள் வந்து அவர் பக்கத்தில் நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போல அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார்கள்.

பெயிண்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த நிறைவில் அவருக்குக் கொஞ்சம் தைரியமும் வந்துவிட்டது. மூலையில் இருந்த பெரியவரிடம் போய், இவர்கள் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டார்.

"ஐயா, மகனும் மருமகளும் மஞ்சள்னு முடிவு பண்ணிட்டாங்க. வீட்டுக்குப் பெரியவர், உங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல. உங்களுக்குச் சம்மதம்தானே?"

பெரியவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"யாருப்பா மகன்? இவங்க மாடி வீட்டுக்காரங்க. ஒழுகிக் கெடுத்ததுக்கு பெயிண்ட் செலவு மட்டும்தான் அவங்களோடது. முதல்ல அவங்க குளியலறைல ஒழுகறதை அடைக்கச் சொல்லு. என் வீட்டுக்கு என்ன கலர்னு அப்புறமா நான் யோசிச்சுச் சொல்றேன்."