அரையிறுதியில் அரை மீசை

“கோல்!” என்று தெருவே அலறியது. சலூன்காரர் மட்டும் கையிலிருந்த சீப்பைத் தரையில் விட்டெறிந்தார்.

“சே! போச்சு, எல்லாம் போச்சு!”

நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்த லாரி டிரைவர், கண்ணாடி வழியாக அவரை முறைத்தார். “யோவ், கோல் போட்டது நம்ம பொண்ணுங்கய்யா!”

“தெரியுது.”

“தெரிஞ்சுமா சீப்பைத் தூக்கி எறியற?”

சலூன்காரர் சீப்பைப் பொறுக்கி, குழாயில் கழுவி, அலமாரியில் டொக்கென்று வைத்தார்.

கண்டத்து நாடுகளெல்லாம் மோதும் பெண்கள் கால்பந்துப் போட்டி அது. நம் பெண்கள் அரையிறுதிவரை வந்ததே இதுதான் முதல் தடவை. இதில் ஜெயித்தால் ஃபைனல். ஊரே வேலை வெட்டியை விட்டுவிட்டு டி.வி. முன்னால் கிடக்கும்போது, ஒரு மனுஷன் சொந்த நாட்டுக் கோலுக்குத் தலையில் அடித்துக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா?

பெஞ்சில் முடிவெட்டக் காத்திருந்த மருந்துக்கடைக்காரருக்கு நன்றாகவே எரிந்தது.

“போன வாரம் யாரோ ரெண்டு நாடு ஆடினதுக்குக் கடையைச் சாத்திட்டு வீட்டுல உக்காந்து பாத்தியே. நம்ம பொண்ணுங்க ஆடினா மட்டும் உனக்குக் கசக்குதா?”

“அது வேற மேட்ச்” என்றார் சலூன்காரர்.

“என்ன வேற? எல்லாம் அதே பந்துதானே! வீட்டுக்காரம்மா வேலை வேலைன்னு பெட்டியத் தூக்கிட்டுப் போனாலும் போனாங்க, உனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு.”

சலூன்காரர் கத்தியில் புது பிளேடைச் செருகினார்.

ஒரு இழுப்புக் கத்தி, பத்து நிமிஷம் கடை டி.வி. என்று ஷேவிங் ஊர்ந்தது. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. தெரு கப்சிப். அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் கேட்டது.

“அப்படிப் போடு!”

சந்தேகமே வேண்டாம், நம்ம ஆள்தான். நுரை அப்பிய பிரஷ்ஷைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அடப்பாவி!” டிரைவர் பாதி எழுந்துவிட்டார். “நீ எந்த நாட்டுச் சோத்தைத் திங்கற?”

“உக்காருண்ணே, கத்தி பட்டுடும்.”

“பட்டா படட்டும்! துரோகி கையால ஷேவிங் பண்ணிக்கறதுக்கு தாடியோடவே திரியலாம்!”

சொன்னாரே தவிர, பாதிக் கன்னம் வழித்த முகத்தோடு எங்கே போவார்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான். நம் பெண் ஒருத்தி கோலுக்குப் பக்கத்தில் இடறி விழுந்தாள். பெனால்டி என்று ஊரே கையைத் தூக்கியது. ரெஃபரியம்மா மட்டும் இல்லையென்று தலையாட்டிவிட்டு ஓடினாள்.

“கண்ணை எங்க வெச்சிட்டு வந்தா இவ? இவளுக்கெல்லாம் எவன் விசில் குடுத்தான்?” என்று டிரைவர் கத்தினார்.

சலூன்காரர் கத்தியை விலக்கிவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“இந்தாண்ணே, என்னை என்ன வேணா சொல்லு. ரெஃபரியப் பத்தி இன்னொரு வார்த்தை பேசின, இப்படியே எந்திரிச்சுப் போக வேண்டியதுதான். வெயில்ல அந்த ஓட்டம் ஓடிப் பாரு, அப்பத் தெரியும்.”

“பாத்தீங்களா, எதிரணிக்குச் சாதகமான ரெஃபரின்ன உடனே எவ்வளவு பாசம் பொங்குது!” என்று மருந்துக்கடைக்காரர் கை கொட்டினார்.

கடைசி நிமிஷம். டிரைவரின் மீசை ஓரத்தைச் சலூன்காரர் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கண் மட்டும் டி.வி.யில் இருந்தது. நம் பெண் ஒருத்தி பந்தைத் தலையால் முட்டினாள்.

“கோல்!”

கத்தி சர்ரென்று இழுத்தது. வெளியே விசில்களும் கூச்சலுமாகத் தெரு அதிர்ந்தது. உள்ளே டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். வலது பக்க மீசையைக் காணோம்.

“டேய்!”

துண்டை உதறி எறிந்துவிட்டு அவர் சலூன்காரரின் சட்டையைப் பிடித்தார். மருந்துக்கடைக்காரரும் பெஞ்சிலிருந்து பாய்ந்தார்.

“நம்ம நாடு ஜெயிச்ச ஆத்திரத்துல என் மீசையில கை வெச்சுட்டான்யா! இவனை இன்னைக்கு விடக் கூடாது!”

சலூன்காரர் தடுக்கக்கூட இல்லை. டி.வி.யையே வெறித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. “ச்சீ, அழறியா? நாடு ஜெயிச்சா அழற முதல் ஆளு நீதான்டா!” என்று மருந்துக்கடைக்காரர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அலமாரியில் போன் அடித்தது. சலூன்காரர் கையெல்லாம் நுரை. விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, பாத்தீங்களா? நம்ம பொண்ணுங்க ஜெயிச்சிட்டாங்க!” அவர் மனைவியின் குரல். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

டிரைவர் சட்டையை விடாமலே போனைப் பார்த்துக் கத்தினார். “கேளுடா! உன் பொண்டாட்டிக்கு இருக்கிற நாட்டுப்பற்றுல கால்வாசியாவது உனக்கு இருக்கா?”

போனில் அந்தம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பெட்டியக் கட்டிட்டேங்க. நம்ம நாடே ஃபைனல் ஆடும்போது, என்னை எப்படி ரெஃபரியா இறக்குவாங்க?”