எட்டும் குழாய்

காப்பகத்து ஆயாம்மாவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. நேற்றுவரை சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பிடித்துக் கைகழுவிவிட்டு இடுப்பு ஒடிந்தவள். மனுமேல் மனுவாகப் போட்டுக் கேட்ட அரசு நிதி ஒருவழியாக வந்து, இன்று பிள்ளைகளின் உயரத்துக்கே குழாய்கள் பதித்தாகிவிட்டது. ஜன்னல் வெயிலில் தண்ணீர் மினுமினுத்துத் தெறிக்கிறது. மூக்குவரை சோப்பு நுரை. "எட்டுது! எனக்கு எட்டுது!" என்று கூரையைப் பிய்க்கிற கூச்சல். கழுவிய கையையே மறுபடியும் கழுவுகிறார்கள். எல்லோரிலும் குட்டையான வாண்டு மட்டும் நுரை வழிய அவள் முன்னால் வந்து இரண்டு கைகளையும் உயர்த்துகிறாள்.

"உனக்குந்தான் எட்டுதே, கண்ணு?"

"எட்டுது. நீ தூக்கு, ஆயாம்மா."

அள்ளிக்கொள்கிறாள். அத்தனை பேரையும் தூக்கி ஒடிந்த இடுப்பு, இந்த ஒருத்தியைத் தூக்கும்போது வலிக்கவே இல்லை.