முளைவிட்ட பார்லி

முளைவிட்ட பார்லி சட்டியில் வறுபட்டு வாசம் வந்ததும் தண்ணீரை ஊற்றினாள்.

தாத்தாவுக்கு ஒரு கைப்பிடி போதும்.

அவள் அள்ளி அள்ளிப் போட்டிருந்தாள்.

தாத்தா என்றால் மேடத்தின் மாமனார். சாப்பிட்டது செரிக்காமல் வயிறு உப்பிக்கொள்ளும். தேக்காவில் இருக்கும் சீன மருந்துக்கடைக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். பொட்டலத்தை நீட்டும்போதே கடைக்காரச் சீனர் தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரித்தார்.

"பால் குடுக்குற அம்மா குடிக்காத. பால் நின்னு போயிடும்."

"எனக்கு இல்ல, வீட்டுத் தாத்தாவுக்கு," என்றாள்.

இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கினாள்.

கைக்குழந்தை கிடையாது என்று சொல்லித்தான் ஏஜென்ட் அவளைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தான். அவளும் தலையாட்டினாள்.

மார்புக்கு யார் சொல்வது? ஊரில் அக்காவிடம் விட்டுவந்த சேந்தனுக்குப் பசிக்கும் நேரம் பார்த்து, சனியன், சுரந்துகொண்டு நின்றது. உள்ளே துணியை மடித்து வைத்தாலும் சட்டை நனைந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் தெறித்துவிட்டது என்று மேடத்திடம் ஒருமுறை சொல்லலாம். இன்னொரு முறையும் சொல்லலாம். அதற்கு மேல் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

தாத்தாவுக்கு ஒரு தம்ளர் போனது. மீதியை அடுப்படியில் நின்றபடியே குடித்தாள்.

கசக்கவில்லை.

கசந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரம் முழுக்கக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். மடியில் சேந்தன். இவள் முகத்தைக் கண்டதும் அவன் உதடு பிதுங்கியது. அப்புறம் வீறிட்டான். அக்கா பால் பாட்டிலை வாயில் வைத்தாள். தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஒன்னயப் பாத்தாத்தான் இந்தக் கூத்தெல்லாம். நீ போனை வச்சுரு, குடிச்சிருவான்."

வைத்துவிட்டாள்.

பழக்கத்தில் கை சட்டைக்குள் போனது.

துணி காய்ந்து கிடந்தது.

அப்பாடா என்று இருந்தது. ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது.

கூடத்திலிருந்து மேடம் குரல் கொடுத்தார்.

"தாத்தா இன்னிக்கு ரெண்டாந்தரம் சோறு கேக்குறாரு. மருந்து நல்லாக் கேட்டிருக்கு, இல்ல?"

துணியை வெளியே உருவினாள். துவைக்க வேண்டியதில்லை. அப்படியே மடித்தாள்.

"கேட்டிருச்சு மேடம்."