அக்காவின் போர்வை

ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் நடுவே மூட்டைப்பூச்சி ஊர்ந்தபோது, “எல்லாம் எங்க நாத்தனார் படுக்கையில இருந்து வருது” என்றாள் ஐரின். உண்மையில் பூச்சி வந்தது ஐரின் வாங்கிய பழைய சோஃபாவிலிருந்து. நாத்தனார் ஃபிலோமினா அன்று முதல் தினமும் விடியுமுன் தன் போர்வையை வெந்நீரில் அலசி மாடியில் காயப்போட்டாள். பிறகு முதியோர் இல்லத்துக்குப் போனாள். தவக்காலத்தில் அங்கேயே இறந்துபோனாள். லிங்கராஜபுரம் வீட்டில் அவள் அறை பூட்டியே கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அறையைத் திறந்தார்கள். கட்டில் இடுக்கில் ஊர்ந்த பூச்சியை ஐரினின் கணவன் லாயிட் நசுக்கினான். கட்டைவிரலில் புது ரத்தம்.

“இத்தனை மாசம் பட்டினி கெடந்த பூச்சி சருகாட்டம்தானே இருக்கணும்? அக்கா கட்டில்ல யாரு படுக்கிறாங்க, ஐரின்?”

“யாரும் இல்லீங்க.” அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லாயிட் மருந்து டப்பாவைக் குலுக்கினான். “இதை அடிச்சா ரெண்டு நாள் இங்க யாரும் படுக்கக் கூடாதாம்.”

அன்றிரவு ஐரின் ஹாலில் பாய் விரித்து, தன் போர்வையை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே படுக்கப் போனாள்.

காலையில் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. போர்வை மாடிக் கொடியில் தொங்கியது. டிசம்பர் குளிரில் அதிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.