வேங்கைப் பொட்டு

பாபநாசத்துக்கு இறங்கும் காட்டுச்சாலையில், நேற்றுக் காற்றில் சாய்ந்த வேங்கை மரம் குறுக்கே கிடக்கிறது. அது நின்ற இடத்தில் வானம் திறந்துகொள்ள, இத்தனை வருடம் வெயிலே காணாத தார் மஞ்சளாக ஒளிர்கிறது. வனக்காவலர் இசக்கி ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். மறுமுனையில், கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டு வேனில் திரும்பும் தச்சர் ஆறுமுகநயினார். புலிகள் காப்பகம் இது. வண்டி போகும் அகலத்துக்கு மட்டும்தான் அறுக்கலாம், மற்றதெல்லாம் விழுந்தபடியே கிடந்து மக்க வேண்டும். மரத்தூள் ஈரக்காற்றில் இறங்க மனமில்லாமல் மிதக்கிறது. அறுத்த துண்டு பைய உருண்டு புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. தச்சரின் உள்ளங்கை மட்டும் மிச்ச மரத்தை விட்டு வர மறுக்கிறது. “நாலு வாசலுக்குக் கதவு கெடக்கு வே இதுல.” “கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒரு செத்த சருகுகூட வெளிய போவக்கூடாது. செக்போஸ்ட்ல பையெல்லாம் அவுத்துப் பாப்பாக.” பட்டையோரம் சிவப்பாகப் பால் கசிகிறது. தச்சரின் மனைவி மகேஸ்வரி இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்கிறாள். ஆட்காட்டி விரலால் அந்தப் பாலைத் தொட்டு, சந்தனம் பூசிய மொட்டைக்குக் கீழே, நெற்றியில் வட்டமாகப் பொட்டு வைக்கிறாள். கண்ணேறு படாமலிருக்க அவள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைப்பதுதான். காய்ந்தால் கறுத்துவிடும், குளித்தாலும் லேசில் போகாது. தச்சர் சட்டையில் ஒட்டிய தூளை அவசரமாகத் தட்டிவிட்டு இசக்கியைப் பார்க்கிறார். இசக்கி மரம் விட்டுப்போன வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படியே சொல்கிறார்: “செக்போஸ்ட் வாரப்போ பிள்ளையத் தோள்ல சாச்சுக்கோ, தாயி.”